பழைய இங்கிலீஷ் பேப்பரின் கதையைத் தோண்டி எடுப்பது எப்படி?

ஓர் ஊரின் இங்கிலீஷ் பேப்பரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பேப்பரே போட்ட ஆண்டு மலரைத்தான். புரட்டுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மாப்பிள்ளை எப்படி என்று அவர் அம்மாவிடமே விசாரிக்கிற கதைதான் அது.

முதல் வேலை, பிறந்த தேதி. ‘தி இந்து’ 1878 செப்டம்பர் 20 என்பார்கள். சரிதான், ஆனால் அன்று வந்தது வாரப் பத்திரிகை, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கித் தங்கசாலைத் தெருவில் ஓர் அச்சகத்தில் அடித்த 80 பிரதி. 1883இல் வாரம் மூன்று முறை வந்தது, தினசரி ஆனது 1889 ஏப்ரல் 1இல்தான். மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம், இதழின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அச்சிட்டவர், வெளியிட்டவர் என்று, அதைப் படியுங்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தே அது கட்டாயம். பெயரோ முகவரியோ மாறுகிற இதழ் கிடைத்தால் அதன் முன்னும் பின்னும் ஒரு மாதம் நிதானமாகப் பாருங்கள். பெயர் மாறினாலே பேப்பர் கைமாறிவிட்டது என்று எழுதிவிட வேண்டாம், அச்சகத்தில் ஆள் மாறியிருக்கலாம்.

பேப்பரை நடத்தியவர்களுக்குள் நடந்த சண்டைகளைத் தேட அதே பேப்பருக்குள் போகாதீர்கள். இந்துவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1898இல் அதை விட்டு விலகினார், பிறகு 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை வாங்கினார். இடைப்பட்ட காலத்தை அறிய, ஐயர் நடத்திய ‘சுதேசமித்திரன்’ பக்கமும் போக வேண்டும். இங்கிலீஷ் பேப்பரின் கதைக்குத் தமிழ்ப் பேப்பரைப் படிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பழைய தொகுப்புகளுக்குக் கன்னிமாரா நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம் இரண்டிலும் கேளுங்கள். முதல் பக்கம் முழுக்க விளம்பரமாக இருந்தால் திகைக்க வேண்டாம், இந்துவே 1958 வரை அப்படித்தான் வந்தது, செய்தி உள்ளே இருக்கும்.

சென்னையில் 1868இல் தொடங்கி 1981இல் நின்றுபோன ‘மெயில்’ மாதிரிப் பேப்பர் என்றால் இன்று மலர் போட ஆளே இல்லை. அது மாலைப் பேப்பர் வேறு, அதனால் காலைப் பேப்பரில் மறுநாள் தேடுகிற செய்தியை இதில் அன்றைய தேதியிலேயே தேடுங்கள்.