கடலோர மூடுபனியில் அந்திப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடுபனி படர்ந்த கடற்கரையில் சூரியன் இறங்கும் வேளையில், கண்ணுக்கு அத்தனை அழகாகத் தெரிந்த காட்சி திரையில் சாம்பல் பூசியதுபோல் தட்டையாக வந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள். இதற்குக் கேமராவின் குறை காரணமாக இருப்பது அரிது. மூடுபனியைக் காட்சியை மறைக்கும் இடையூறாக எண்ணி, எடுக்கும்போதும் திருத்தும்போதும் அதை எப்படியாவது விலக்கிவிட முயல்வதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. அருகில் உள்ள பாறையைக் கருமையாகவும், அதற்கடுத்த நிலமுனையை வெளிறியும், கடைசி முனையை வானத்தோடு ஏறக்குறையக் கலந்தும் காட்டி, தட்டையான ஒரு படத்துக்குள் தூரத்தை உண்டாக்குவது அந்த மூடுபனிதான்.

ஆகவே ஃப்ரேமை அமைக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இந்த அடுக்குகள் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்து நிற்கின்றனவா என்பதே. முன்புலத்துப் பாறையின் உச்சி தூரத்து நிலமுனையின் அடியைச் சரியாகத் தொட்டு நின்றால், இரண்டும் ஒரே பொருளாக ஒட்டிக்கொண்டு, இடையில் இருந்த அரை மைல் தூரம் காணாமல் போய்விடும். எல்லோரும் சொல்கிறார்களே என்று முக்காலியை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்துபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. கேமராவை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். பாறைக்கும் நிலமுனைக்கும் நடுவே ஒளிரும் நீர் ஒரு பட்டையாகத் திறந்துகொள்ளும், காட்சிக்கு ஆழம் திரும்பிவிடும். இடப்பக்கமோ வலப்பக்கமோ இரண்டு அடி நகர்வதும் இதே பலனைத் தரக்கூடும். லென்ஸை மாற்றுவதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது.

லென்ஸைத் தேர்வதிலும் ஒரு கணக்கு மறந்துபோகிறது. சூரியன் வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமே கொண்டது. முழுஅளவு சென்சாரில் (36 மி.மீ. அகலமுள்ள ஒளியுணரியில்) 24 மி.மீ. லென்ஸ் வழியே அது 0.2 மி.மீ. அளவுள்ள ஒரு புள்ளியாகத்தான் பதியும்; 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ. அளவுக்கு வளர்ந்து, படத்தின் அகலத்தில் இருபதில் ஒரு பங்கைப் பிடிக்கும். பனிக்குள் செம்பிழம்பாக இறங்கும் சூரியனே படத்தின் மையப்பொருள் என்றால் அகலக்கோண லென்ஸ் உதவாது. நீண்ட லென்ஸ் அடுக்குகளையும் நெருக்கிக் காட்டும். ஆனால் ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியே, அதிலும் நீண்ட லென்ஸைப் பொருத்திக்கொண்டு, சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு நிலையான பாதிப்பு ஏற்படலாம். திரையைப் பார்த்து ஃப்ரேமை அமையுங்கள்.

எந்தத் திசையில் நிற்பது என்பதும் முக்கியம். பனித்துளிகள் ஒளியலையின் நீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன, அதுவும் பெரும்பாலும் ஒளி செல்லும் திசையிலேயே. அதனால் சூரியனை நோக்கி நிற்கையில் பனி தானே ஒளிர்வதுபோல் தெரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் அதே பனி நிறமற்ற வெண்திரையாகிவிடும். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் ஃபில்டரும் இங்கே பெரிதாக உதவாது. அதன் விளைவு சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய வானத்தில்தான் வலுவாக இருக்கும். சூரியனை நோக்கிய படத்தில் ஒளியைக் குறைப்பதோடு சரி.

ஒளியளவில் நேரும் தவறு சற்று நுட்பமானது. கேமராவின் மீட்டர் எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாகக் கருதி அளப்பதால், வெளிர் பனி நிறைந்த படத்தை இருட்டாக்கிவிடுகிறது. சூரியனும் ஃப்ரேமுக்குள் இருந்தால் இன்னும் இருட்டாகும். பிறகு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டும்போது, மென்மையாக இருக்க வேண்டிய பனியில்தான் இரைச்சல் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) முதலில் தெரியும். இதற்கு அஞ்சி ஒளியை மிகுதியாகக் கூட்டினாலோ வேறொரு சிக்கல் வரும்: சூரியனைச் சுற்றிய பகுதியில் சிவப்பு மட்டும் முன்னதாகவே வரம்பைத் தாண்டி, ஆரஞ்சு நிறம் வெறும் மஞ்சள் திட்டாக உறைந்துவிடும். படத்தின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், எல்லா நிறங்களுக்கும் சேர்த்து ஒன்றாக இருந்தால், இதைக் காட்டாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டாதவாறு ஒளியளவை வையுங்கள். சூரிய வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் வெளுத்தால் பரவாயில்லை.

வானுக்கும் நீருக்கும் உள்ள ஒளிவேறுபாட்டைச் சமாளிப்பது பழைய சிக்கல். 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, அன்றைய தகடுகளில் வானமும் கடலும் ஒருசேரச் சரியாகப் பதியாததால், இரண்டையும் தனித்தனி நெகட்டிவ்களில் எடுத்துத் தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். தெளிவான தொடுவானம் உள்ள படத்தில் அந்த இணைப்பு கோட்டுக்குள் மறைந்துவிடும். மூடுபனியில் அத்தகைய கோடே இல்லை. எனவே மேல்பாதி கருத்தும் கீழ்ப்பாதி தெளிந்தும் இருக்கும் கூர்விளிம்புள்ள பட்டை ஃபில்டரை வைத்தால், இல்லாத இடத்தில் ஓர் இருட்டுக்கோடு முளைத்து, குறுக்கே வரும் பாறையின் தலையையும் கறுக்கச் செய்யும். மென்விளிம்பு ஃபில்டரோ, வெவ்வேறு ஒளியளவில் எடுத்த இரண்டு மூன்று படங்களை அகன்ற, மென்மையான மாஸ்க்கால் (திருத்தம் எந்தப் பகுதியில் மட்டும் விழ வேண்டும் என்று குறிக்கும் மறைப்பால்) இணைப்பதோதான் பொருந்தும். அந்த வேலையைத் பல ஒளியளவுப் படங்களை மென்பொருளே ஒன்றாக்கும் தானியங்கி எச்.டி.ஆர். இணைப்பிடம் விட்டுவிடாதீர்கள். அது தூரத்து முனைகளையும் அருகிலுள்ள பாறையைப் போலவே அழுத்தமாக்கி, பனி கட்டியெழுப்பிய ஆழத்தை ஒரே நொடியில் அழித்துவிடும்.

தானியங்கி ஃபோகஸ் வேறுபாடு குறைந்த பரப்பில் பற்றுக்கோல் இன்றித் தடுமாறும். கூரிய விளிம்புள்ள ஓர் அருகுப் பாறையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்வதே நம்பகமானது. 24 மி.மீ. லென்ஸில் துளையளவை எஃப்/11 என வைத்து 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், முழுஅளவு சென்சாரில் ஏறத்தாழ 0.9 மீட்டரிலிருந்து முடிவிலிவரை போதிய தெளிவு கிடைக்கும். எஃப்/22 வரை துளையைச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுவதும் மழுங்குவதோடு, சென்சாரில் ஒட்டிய தூசியும் ஃபில்டரில் படிந்த உப்புத்துளிகளும் வெளிர் பனியின்மேல் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். அலைகள் உடையும் கரையில் சில படங்களுக்கு ஒருமுறையாவது கண்ணாடியைத் துடைக்க வேண்டும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி உப்பை நீக்கிவிட்டு அதன்பின் உலர்துணியால் துடையுங்கள். உலர்துணியை மட்டும் அழுத்தித் தேய்த்தால் உப்புப் படலம் பரவிக்கொண்டே போகும்.

ஷட்டர் வேகம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதால், அரை நிமிடமும் அதற்கு மேலும் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். அலைகள் புகையாக மாறும். தெளிந்த வானத்தின் கீழ் அது அழகுதான். உண்மையான பனி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நீரையும் புகையாக்கினால், எது நீர், எது பனி என்ற வேறுபாடே போய், மேலும் கீழும் ஒரே மங்கலாகிவிடும். கால் நொடியிலிருந்து ஒரு நொடிவரை வைத்து, அலை பின்வாங்கும் தருணத்தில் ஷட்டரை அழுத்தினால், பாறையைச் சுற்றி வடியும் நுரை தெளிவான கோடுகளாகப் பதிந்து பார்வையை உள்ளே கொண்டு செல்லும்.

சூரியன் மறைந்தவுடன் முக்காலியை மடக்குவதும் தவறே. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும்வரை பயன்தரும் ஒளி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இது 20 நிமிடங்களுக்குச் சற்று மேல், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல இன்னும் நீளும். ஏறிவரும் நீரையும் திரும்பும் பாதையையும் மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தும் கட்டத்தில் அதிகம் கெடுப்பது மங்கலை நீக்கும் டீஹேஸ் கருவி. அதைப் படம் முழுவதற்கும் இழுத்தால் பனி அழுக்கேறிய சாம்பலாகி, நிறங்கள் மிகைத்து, நிலமுனைகளின் ஓரத்தில் வெண்கோடு தோன்றும். கருமை பனிக்குள் இருக்கத் தேவையில்லை. அருகுப் பாறையில் மட்டும் இருந்தால் போதும். ஆகவே வேறுபாட்டையும் கூர்மையையும் மாஸ்க் வழியாக முன்புலத்துக்கு மட்டும் கொடுத்து, தூரத்து அடுக்குகளைத் தொடாமல் விடுங்கள். சில படங்களில் டீஹேஸை எதிர்த்திசையில் சிறிது நகர்த்தி, கடைசி முனையை இன்னும் வெளிறச் செய்வதே ஆழத்தைக் கூட்டும்.

நிறத்தில் நேரும் பிழை, வெண்மை எது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பிலிருந்து தொடங்குகிறது. தானியங்கி அமைப்பு அந்தியின் செம்மையைக் குறையென்று எண்ணிக் கழித்துவிடலாம். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து, 5500 கெல்வினை ஒட்டித் தொடங்குவது நல்லது. அதற்காகப் படம் முழுவதையும் ஆரஞ்சில் தோய்க்கவும் கூடாது. சூரியனிலிருந்து விலகிய பனி மேல்வானத்தின் நீல ஒளியைப் பெறுவதால் இயல்பாகவே குளிர்ந்திருக்கும். அந்த நீலம் அருகில் இருப்பதால்தான் செம்மை எடுப்பாகத் தெரிகிறது.

மென்மையாக மாறும் பனியும் வானமும் 8 பிட் கோப்பில் எளிதில் படிப்படியாகப் பிளந்து பட்டைகளாகத் தெரியும். ஒரு நிறத்துக்கு 256 நிலைகள்தாம் அதில் உண்டு. 16 பிட்டில் திருத்தி, கடைசியில் மட்டும் 8 பிட்டுக்கு மாற்றுங்கள். அப்போதும் பட்டை தெரிந்தால் நுண்ணிய கிரெயின் சேர்ப்பது அதை மறைக்கும். இணையத்துக்கு அனுப்பும் பிரதியை பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் சேமித்து, அனுப்புவதற்கு முன் கைப்பேசியின் சிறிய திரையிலும் ஒருமுறை திறந்து, கடைசி நிலமுனை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.