டோலுடெகிராவிர் உட்கொள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்.ஐ.வி. தொற்றுக்காக அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் இப்போது பெரும்பாலானோருக்கு வழங்கப்படும் டி.எல்.டி. மாத்திரையில் மூன்று மருந்துகள் உள்ளன. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி. ஆகிய இரண்டும் வைரஸின் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதைத் தடுப்பவை. மூன்றாவதான டோலுடெகிராவிர் 50 மி.கி., அந்த டி.என்.ஏ. நம் செல்லின் குரோமோசோமுக்குள் செருகப்படுவதைத் தடுக்கிறது. செருகும் வேலையைச் செய்யும் நொதிக்கு இன்டெகிரேஸ் என்று பெயர். மருந்து அதை எப்படி மடக்குகிறது என்பது விளங்கிவிட்டால், எதை எதோடு விழுங்கக் கூடாது என்று மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

288 அமினோ அமிலங்களாலான இந்த நொதி, முதலில் வைரஸ் டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் ஓர் இழையின் கடைசி இரண்டு எழுத்துகளை நறுக்குகிறது. பின்னர் நறுக்கிய முனைகளை மனித டி.என்.ஏ.வோடு ஒட்டுகிறது. இவ்விரண்டும் நடக்க நொதியின் மையத்தில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் இருந்தாக வேண்டும். 2007இல் முதலில் அனுமதி பெற்ற ரால்டெகிராவிர் முதல் இன்றைய டோலுடெகிராவிர் வரை, இவ்வகை மருந்துகள் அனைத்தும் அந்த இரண்டு அயனிகளையும் கவ்விக்கொண்டு, நறுக்கிய முனையை இடம் பெயரச் செய்து, ஒட்டும் வேலையை நிறுத்துகின்றன. சுருங்கச் சொன்னால், உலோகத்தைப் பற்றுவதே இம்மருந்தின் தொழில்.

ஆனால் எந்த உலோகத்தைப் பற்ற வேண்டும் என்பது மருந்துக்குத் தெரியாது. இரவு விருந்தில் பிரியாணி சாப்பிட்டவர், நெஞ்செரிச்சலுக்காக ஜெலுசில் இரண்டு மூடி குடித்துவிட்டு, ஒன்பது மணி ஆனதும் வழக்கம்போல் டி.எல்.டி. மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திரவத்தில் இருப்பவை அலுமினியமும் மெக்னீசியமும். டோலுடெகிராவிர் குடலிலேயே அவற்றோடு பிணைந்து, உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்துபோனதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரையைத் தவறாமல் போட்டவர் என்றே அவர் பதிவேட்டில் இருப்பார் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். இத்தகைய அமிலமுறி மருந்துகளுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ டோலுடெகிராவிரை உட்கொள்ள வேண்டும். ஒமெபிரசோல் வகை மாத்திரைகளில் உலோகம் இல்லாததால் அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டையும் ‘கேஸ் மாத்திரை’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வேறு வழியில் கெடுக்கிறது. அது கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, டோலுடெகிராவிரை விரைவில் சிதைக்கச் செய்கிறது. அதனால் 12 மணி நேர இடைவெளியில் கூடுதலாக 50 மி.கி. தேவைப்படுகிறது. காசநோய் மருந்து முடிந்த அன்றே அந்தக் கூடுதல் மாத்திரையை நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. ரிஃபாம்பிசினின் தூண்டுதல் அடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை தொடர வேண்டும்.

இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்ததும் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணி மாத்திரையை விடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. இன்டெகிரேஸ் தடுப்பு மருந்து புதிய செல்களில் செருகல் நடவாமல் காக்கிறதே தவிர, முன்பே குரோமோசோமில் செருகப்பட்டுவிட்ட வைரஸ் டி.என்.ஏ.வை அதனால் பிடுங்கி எறிய முடியாது. மருந்து நின்றால் அச்செல்களிலிருந்து வைரஸ் மீண்டும் கிளம்பும். டோலுடெகிராவிருக்கு வைரஸிடம் எதிர்ப்பு எளிதில் உருவாகாது என்ற உண்மையும் சிலரை அலட்சியமாக இருக்கச் செய்துவிடுகிறது. அதைத் துணை மருந்துகளின்றித் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் எதிர்ப்பு உருவாகவே செய்தது. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தொற்றும் உள்ளவர்கள் டி.எல்.டி.யைத் திடீரென நிறுத்தினால் அந்நோயும் சீறி எழக்கூடும்.

பரிசோதனை முடிவுகளைப் படிப்பதிலும் ஒரு தவறு உண்டு. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 0.1 முதல் 0.2 மி.கி. வரை உயர்வது வழக்கம். சிறுநீரகம் கிரியேட்டினினை வெளியேற்றும் ஒரு கடத்திப் புரதத்தை டோலுடெகிராவிர் அடைப்பதே காரணம். வடிகட்டும் திறன் குறைந்ததாக ஆகாது. அதற்காக உயர்வு தொடர்ந்துகொண்டே போனாலும் பேசாமல் இருந்துவிடக் கூடாது, ஏனெனில் உடனிருக்கும் டெனோஃபோவிர் சிறுநீரகத்தை உண்மையாகவே பாதிக்கக்கூடியது. அதே கடத்திதான் மெட்ஃபார்மினையும் வெளியேற்ற உதவுகிறது. ஆகவே சர்க்கரை நோயாளிகளுக்கு மெட்ஃபார்மினை நாளொன்றுக்கு 1000 மி.கி.க்குள் வைத்துக்கொள்ளுமாறு சொல்லப்படுகிறது. சர்க்கரைக்கு ஓரிடத்திலும் ஏ.ஆர்.டி.க்கு வேறிடத்திலும் மருந்து வாங்குபவர்கள் இரு மருத்துவர்களிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

கர்ப்பிணிகளிடம் இன்னும் ஒரு பழைய அச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2018இல் போட்ஸ்வானாவில், கருத்தரிக்கும்போதே டோலுடெகிராவிர் உட்கொண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் 4 பேருக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளை, தண்டுவடம் உருவாவதில் நேரும் பிறவிக் கோளாறு) காணப்பட்டது. அச்செய்தி பரவிப் பல நாடுகள் தயங்கின. அதே ஆய்வு ஆயிரக்கணக்கான பிரசவங்களுக்கு விரிந்தபோது அந்த விகிதம் இறங்கி, பிற மருந்துகளுக்கு உரிய அளவோடு ஒன்றிவிட்டது. 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் இதை முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகள் உண்மையில் கவனிக்க வேண்டியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையே. வெறும் வயிற்றில் அவற்றோடு டோலுடெகிராவிரைச் சேர்த்து விழுங்கினால் அமிலமுறிக்குச் சொன்ன அதே பிணைப்பு இங்கும் நேரும். இட்லியோ சோறோ சாப்பிட்ட கையோடு என்றால் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம்.