சேலம் வெயில்ல சிவப்பு திராட்சைக்கு கலர் வரணுமா? குலையை குறைங்க

ஃபிளேம் சீட்லெஸ், ரெட் குளோப் மாதிரி சிவப்பு ரகம் வச்சிருக்கவங்க, குலையில பத்து திராட்சை மணிக்கு ஒரு மணி லேசா நிறம் மாற ஆரம்பிச்சதுமே சின்ன குலை, பிந்தி வந்த குலையெல்லாம் வெட்டி எடுத்துடுங்க, ஒரு கிளைக்கு ஒரு குலை போதும், கூடவே பந்தலுக்கு அடியில குலையை ஒட்டி இருக்குற பழுத்த பழைய இலைய மட்டும் கிள்ளி விடுங்க. மேல இருக்குற இலைய தொடாதீங்க, அது ரொம்ப முக்கியம்.

தோல்ல சிவப்பு குடுக்குறது ஆந்தோசயனின், அது உருவாக சர்க்கரை வேணும், கொஞ்சம் வெளிச்சம் வேணும், ஆனா 35 டிகிரிக்கு மேல போனா, ராத்திரியும் சூடு இறங்கலைன்னா, அது சரியா சேராது. வெயிலை நாம குறைக்க முடியாது, குலையை குறைச்சா மிச்ச குலைக்கு சர்க்கரை சீக்கிரம் ஏறும், கலரும் ஒரே சீரா வரும். எத்திஃபான்னு கலர் ஏத்த தெளிக்குற மருந்தை அடிக்கறதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாருங்க, ஏன்னா அது கலர் குடுத்தாலும் பழத்தை மெத்துன்னு ஆக்கிடும், தூரத்து மார்க்கெட்டுக்கு தாங்காது.

பச்சை ரகத்துக்கு இது கலருக்காக தேவையே இல்ல. அறுவடைக்கு நாலு நாள் முன்னாடி செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. ஏப்ரல், மே உச்சி வெயில்ல குலை மேல நேரா வெயில் விழுற மாதிரி இலைய எடுத்தீங்கன்னா மணி வெந்து சுருங்கிடும். ஏற்காடு மேல வீட்டுத் தோட்டத்துல வச்சிருக்கவங்களுக்கு ராத்திரி குளிர்ச்சியே பாதி வேலைய பாத்துடும், அங்க இவ்வளவு வெட்ட வேண்டாம்.