நாள்பட நின்ற டிராக்டருக்கு முதல் செல்ஃப்

பல வருஷம் ஓடாமல் நின்ற டீசல் டிராக்டரை ஸ்டார்ட் செய்யும் முன், கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டாப் நாபை (இன்ஜினை அணைக்க இழுக்கும் குமிழ்) வெளியே இழுத்து வைத்தபடியே செல்ஃப் அடியுங்கள். 10 விநாடி சுற்றவிட்டு, செல்ஃப் மோட்டார் சூடாகாமல் இருக்க ஒரு நிமிஷம் விடுங்கள். ஆயில் பிரஷர் முள் மேலே ஏறும் வரை இப்படியே செய்யுங்கள். அப்புறம் நாபை உள்ளே தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்.

இத்தனை நாளில் பேரிங்குகளில் இருந்த ஆயில் முழுக்கக் கீழே வடிந்திருக்கும். நாபை இழுத்திருந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு டீசல் போகாது, இன்ஜின் எரியாமல் மெதுவாகச் சுற்றும். அந்த நேரத்தில் ஆயில் பம்ப் எல்லா இடத்துக்கும் ஆயிலை ஏற்றிவிடும். உலர்ந்த பேரிங்கோடு சடாரென்று வேகம் பிடிப்பதுதான் இன்ஜினுக்குப் பெரிய கேடு.

செல்ஃப் அடிக்கும் முன், இன்ஜினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு கையால் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கும், செல்ஃப் அடிக்கவே கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தாலும் இது வேண்டாம், தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டாப் நாபே இறுகிக் கிடந்தால் கட்டாயம் நிறுத்திவிடுங்கள்: டீசல் பம்பும் உள்ளே சிக்கியிருந்தால், எடுத்த இன்ஜினை நாபால் அணைக்க முடியாது.