மஸில் கார் மாடல்: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

புதிதாக மாடல் கிட் செய்யத் தொடங்கிய தம்பிகள் சிலர் தங்கள் காரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவதுண்டு. எங்கே சறுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். எல்லாம் ஒருகாலத்தில் நானும் சறுக்கிய இடங்கள்தான். பசையை வழியவிடாதே, வார்ப்புக் கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய், தூசி பறக்கும் இடத்தில் ஸ்பிரே அடிக்காதே என்பதையெல்லாம் கிட்டோடு வரும் தாளே சொல்லிவிடுகிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். 1964-இல் போண்டியாக் ஜிடிஓ வந்ததிலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய அமெரிக்க மஸில் கார்களை (பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார்களை), நிஜக் காரை ஒத்தபடி செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும் இது.

வருஷத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது

டெட்ராய்ட் கம்பெனிகள் அன்று ஆண்டுக்கு ஒருமுறை காரின் முகத்தை மாற்றின. டாட்ஜ் சார்ஜரைப் பாருங்கள். 1968-இல் கிரில்லில் நடுத்தடுப்பு கிடையாது, பின்விளக்குகள் வட்டம். 1969-இல் கிரில் நடுவில் ஒரு தடுப்பு வந்தது, பின்விளக்குகள் நீளப் பட்டையாயின. 1970-இல் கிரில்லைச் சுற்றி வளையமாகக் குரோம் பம்பர். பாடி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், ஒன்றின் பின்விளக்கை இன்னொன்றில் ஒட்டிவிட்டு அழகாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

வருஷத்தைப் பிடிக்க அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிகளே கைகொடுக்கும். 1968 ஜனவரி முதல் பக்கவாட்டில் மார்க்கர் விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும் என்று ஆனது. 1969 ஜனவரி முதல் முன் இருக்கைகளுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயம். 1967 கமாரோவின் கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடி உண்டு, ஃபெண்டரில் மார்க்கர் விளக்கு கிடையாது. 1968 கமாரோவில் நேர் எதிர். பழைய அச்சிலிருந்து திரும்பத் திரும்ப வார்க்கும் கிட்டுகளில் இரண்டு ஆண்டுகளின் பாகங்கள் கலந்தே வரும். பெட்டியில் இருக்கிறது என்பதற்காக ஒட்டிவிட முடியாது.

1970 பிளிமத் சூப்பர்பேர்டு செய்பவர்களிடம் இன்னொரு சண்டை எனக்கு உண்டு. தெருவில் ஓட விற்ற சூப்பர்பேர்டு எல்லாவற்றுக்கும் கூரையில் வினைல் உறை உண்டு. பின்கண்ணாடியைச் சுற்றி வேறு தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த ஒட்டு வேலையைச் செலவில்லாமல் மறைக்க வந்ததுதான் அந்த உறை. கூரையையும் பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டு, நாஸ்கார் ரேஸ் ஸ்டிக்கரும் ஒட்டாமல், ‘தெருவில் ஓடிய கார்’ என்று அட்டை எழுதி வைத்தால் எப்படி?

1/24-ஐயும் 1/25-ஐயும் கலப்பது

கிட்டுகள் நிஜக் காரில் 24-இல் ஒரு பங்காகவோ 25-இல் ஒரு பங்காகவோ வரும். 1970 ஷெவெல் கூப்பேயின் வீல்பேஸ் (முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைத்தூரம்) 112 அங்குலம். 1/25-இல் அது சுமார் 114 மில்லிமீட்டர், 1/24-இல் சுமார் 118½. இன்னொரு கிட்டிலிருந்து சேஸி (அடிச்சட்டம்) கடன் வாங்கும் முன் அளவுகோலை வைத்து அளந்துவிடுங்கள்.

பாடிக்கு முதலில் பெயின்ட் அடிப்பது

இங்கேதான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மற்ற எந்தத் தவறையும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். இது மொத்த வேலையையும் காவு வாங்கிவிடும்.

போன வருஷம் ஒரு தம்பி 1970 ஹெமி ‘கூடா’ (ஹெமி என்ற பெரிய எஞ்சின் போட்ட பிளிமத் கார்) ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். ஊதா நிறம். பிளிமத்தில் இன்-வயலெட், டாட்ஜில் பிளம் கிரேஸி என்று விற்ற அதே நிறம். பிரைமர், நிறம், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு), பாலிஷ், ஓரங்களில் குரோம் ஃபாயில் என்று வேலை சுத்தமாக இருந்தது. குறை சொல்ல வாயே வரவில்லை.

“எல்லாம் முடிஞ்சிருச்சு அண்ணா. சேஸி மட்டும் உள்ள உட்கார மாட்டேங்குது.”

“பெயின்டுக்கு முன்னாடி போட்டுப் பார்த்தியா?”

“அது கடைசி ஸ்டெப்புதானே?”

சொல்லி முடிப்பதற்குள் பாடியின் இரண்டு பக்கத்தையும் விரலால் விரித்துச் சேஸியை அழுத்தினான். முன்கண்ணாடியின் ஓரத்தூண் கூரையோடு சேருமிடத்தில் முறிந்தது. அதைச் சுற்றிக் கிளியர் கோட்டு சிலந்திவலையாக வெடித்தது.

ஏன் இப்படி ஆகிறது? இந்தக் கார்களின் கதவுக்குக் கீழுள்ள பகுதி உள்பக்கமாக வளைந்து போகும். இருக்கைகள் உள்ள இன்டீரியர் தொட்டியும் சேஸியும் கீழிருந்துதான் உள்ளே போகும். அவை நுழைய வேண்டுமானால் பாடியின் கீழ்விளிம்பைக் கொஞ்சம் விரித்தே ஆகவேண்டும். வெறும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் அந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும். அதன்மேல் பிரைமர், நிறம், கிளியர் என்று ஏறிய பிறகு மேல்பூச்சு வளையாது. போதாக்குறைக்கு உள்விளிம்பில் படிந்த பெயின்டும், தொட்டியின் ஓரத்தில் படிந்த பெயின்டும் சேர்ந்து இடைவெளியைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்காக இருந்தபோது மயிரிழையில் நுழைந்த சேஸி இப்போது நுழையாது.

கூடாவில் இதற்கு மேலும் ஒரு வம்பு. ஹெமி கூடாவின் ஷேக்கர் ஸ்கூப் (எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் மேல்வாய்) பானெட்டோடு சேர்ந்ததில்லை. அது எஞ்சினோடு இணைந்தது, பானெட்டில் உள்ள ஓட்டை வழியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். 1/25-இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜக் காரில் ஓர் அங்குலம். எஞ்சின் ஒரு மில்லிமீட்டர் பின்னால் உட்கார்ந்தாலே ஸ்கூப் ஓட்டையின் விளிம்பில் இடிக்கும், பானெட் மூடாது. சேஸி எப்படியோ நுழைந்திருந்தாலும் அந்தத் தம்பி அடுத்து இங்கேதான் மாட்டியிருப்பான்.

கிட்டின் தாளில் எஞ்சின் முதல் படி, பாடி கடைசிப் படி என்று எண் போட்டிருப்பதுதான் ஆட்களைக் கெடுக்கிறது. அந்த எண் ஒட்டும் வரிசை. பொருத்திப் பார்க்கும் வரிசை வேறு, அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் செய்வது இப்படி. பாகங்களை வெட்டிச் சுத்தம் செய்ததும், ஒரு சொட்டுப் பெயின்டும் படாமல், மொத்தக் காரையும் மாஸ்கிங் டேப்பாலும் ரப்பர் பேண்டாலும் கட்டி நிறுத்திவிடுவேன். முதலில் தொட்டி, டாஷ்போர்டு, முன்கண்ணாடி. டாஷ்போர்டின் மேல்விளிம்பு கண்ணாடியை வெளியே தள்ளுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலும் தள்ளும். டாஷ்போர்டின் அடியில் அரத்தை ஓட்டினால் சரியாகிவிடும். அடுத்து எஞ்சின், ரேடியேட்டர், ஃபேன். ஏர் கிளீனரை வைத்துப் பானெட்டை மூடிப் பார்க்க வேண்டும். மூடவில்லையென்றால் பானெட்டைத் தேய்க்காதீர்கள், எஞ்சின் மவுன்டைத் தேயுங்கள்.

பிறகு சக்கரம். மஸில் கார் மாடலின் உயிர் அது நிற்கும் தோரணையில் இருக்கிறது. பழைய கிட்டுகள் பலவற்றில் இரும்பு அச்சுக் கம்பி எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு போகும். அந்தத் துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் காரின் மூக்கு. இரண்டு மில்லிமீட்டர் தூக்கலாக நின்றால் நிஜக் காரில் இரண்டு அங்குலம், ஜாக்கி போட்டு நிறுத்தியதுபோல் இருக்கும். சக்கரம் வளைவின் நடுவில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். டயர் பாடிக்கு வெளியே பிதுங்குகிறதா என்று முன்னாலிருந்து, கண் மட்டத்தில் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கார்களில் டயர் நாம் நினைப்பதைவிட ஒல்லி, வளைவுக்குள் கொஞ்சம் உள்ளடங்கியே நிற்கும். நிஜக் காரின் படம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் மாடலையும் படமெடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது கண் மன்னித்துவிடும் தவறைப் படம் மன்னிக்காது.

இவ்வளவும் சரியான பிறகு பிரித்து, அப்புறம் பிரைமர். பெயின்ட் அடிக்கும்போது பாடியின் உள்விளிம்புகளை மூடிவிடுங்கள். மறந்துவிட்டால் சேஸி ஏற்றும் முன் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

முறிந்த தூணை ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஒட்டலாம். ஒட்டிய இடத்தைத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் மொத்தப் பெயின்டையும் உரித்து மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை உரித்துத் தேய்க்கும்போதும் ஃபெண்டரில் இருக்கும் எழுத்துச் சின்னங்கள் மழுங்கிக்கொண்டே போகும். இன்றும் கடையில் கிடைக்கும் கிட் என்றால் பரவாயில்லை. ஜோ-ஹான் போல உற்பத்தி நின்றுபோன கம்பெனியின் பாடி என்றால் பழைய பெட்டி தேடி நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டும். ஒரு மாலை நேரம் பொருத்திப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. இதைச் சொல்லச் சொல்ல, பாலிஷ் போட்ட வெறும் பாடியின் படம்தான் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

சிவப்புப் பிளாஸ்டிக் மேல் வெள்ளை

அடிக்காதீர்கள். சாயம் மேலே கசிந்து இளஞ்சிவப்பாகிவிடும். நடுவில் சில்வர் ஒரு கோட்டு.

எழுத்துச் சின்னங்களைப் பெயின்டில் புதைப்பது

பிரைமருக்குப் பிறகு, நிறத்துக்கு முன், சின்னத்தின்மேல் குரோம் ஃபாயிலை ஒட்டிவிடுங்கள். நிறம் காய்ந்ததும் பல்குத்தும் குச்சி நுனியில் கொஞ்சம் தின்னர் தொட்டு, எழுத்தின் மேல்முகத்தை மட்டும் மெல்ல உரசினால் அடியிலிருந்து குரோம் வெளிவரும். டீகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) இதற்குக் கிட்டேகூட வர முடியாது. கதவுக் கோடுகளையும் பிரைமருக்கு முன்பே கத்தி முதுகால் கொஞ்சம் ஆழப்படுத்திவிடுங்கள்.

அடிப்பாகம் முழுக்கக் கருப்பு

ஷெவெலும் ஜிடிஓவும் தனிச் சட்டகத்தின்மேல் உட்கார்ந்த கார்கள். சட்டகம் கருப்புதான். கிரைஸ்லரின் சார்ஜர், கூடா, சேலஞ்சர் எல்லாம் பாடியும் அடித்தளமும் ஒன்றான கார்கள். அவற்றின் அடியில் பிரைமரும், பாடி நிறம் அடிக்கும்போது ஓரங்களில் தெறித்த புகையும் தெரியும். அதைக் கருப்பாக அடித்தால் கம்பெனியே மாறிப்போகிறது. எஞ்சின் அறையிலும் இதே குழப்பம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸில் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகடு) அரைப்பளபளப்புக் கருப்பு, மஸ்டாங்கில் எஞ்சின் அறையும் அப்படியே. கிரைஸ்லரில் பாடி நிறம்.

எஞ்சின் நிறத்துக்கும் ஊகம் வேண்டாம். ஷெவ்ரோலே ஆரஞ்சு, 1966-லிருந்து ஃபோர்டு நீலம், ப்யூக் 455 சிவப்பு, 426 ஸ்ட்ரீட் ஹெமி ஆரஞ்சு. ஷெவ்ரோலேயின் ஆரஞ்சும் ஹெமியின் ஆரஞ்சும் ஒன்றல்ல. ஒரே டப்பாவில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று: கூடாவின் வீல்பேஸ் 108 அங்குலம், சேலஞ்சருடையது 110. அண்ணன் தம்பி கார்கள்தானே என்று சேஸியை மாற்றிப் போட்டால் அந்த இரண்டு மில்லிமீட்டர் பின்சக்கர வளைவில் காட்டிக்கொடுக்கும்.

நிஜக் கார்ப் பட்டறை மெட்டாலிக் பெயின்ட்

அதில் மினுங்கும் துகள் 1/25-இல் ஜிகினா.

பிளக் வயர்

அன்றைய பிளக் வயரின் தடிமன் 7 மில்லிமீட்டர். 1/25-இல் அது 0.28. கையில் கிடைத்த வயரைச் சொருகினால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் மாதிரி இருக்கிறது. இந்த வயர்கள் கிளம்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே என்பதையும் பாருங்கள். ஷெவ்ரோலே, போண்டியாக் வி8களில் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி. ஃபோர்டு வி8, கிரைஸ்லரின் 383, 440, ஹெமி எல்லாவற்றிலும் முன்பக்கம். ஏர் கிளீனர் மூடிவிடும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அப்படியானால் வயரே போடாமல் விட்டிருக்கலாம்.

டயர்

பழைய பெட்டியில் மென்வினைல் டயர் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டபடி கிடந்தால், அதிலுள்ள ரசாயனம் ஊறி ஸ்டைரீனை உருக்கிவிடும். வாங்கியதுமே தனிப் பையில் போடுங்கள்.

ரீஸ்டோர் செய்த (பழையதைப் புதுசாக்கிய) காரை அப்படியே காப்பி அடிப்பது

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் நடக்கும் வுட்வர்ட் ட்ரீம் குரூஸில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மஸில் கார்களைப் படமெடுக்கலாம். ஆசைதீர எடுங்கள். ஆனால் அங்கே ஓடுபவை ஓட்டுவதற்காக வைத்திருக்கும் கார்கள். ரேடியல் டயர், புது வீல், புது ஸ்டீரியோ என்று அவரவர் வசதிக்கு மாற்றியிருப்பார்கள். 1970 ஹெமி கூடாவில் தொழிற்சாலை மாட்டி அனுப்பியது எஃப்60-15 அளவு குட்இயர் பாலிகிளாஸ் ஜிடி. சாதாரண ஷெவெலை, பெரிய எஞ்சின் போட்ட எஸ்எஸ் 454 ஆக வேஷம் கட்டியிருப்பதும் சகஜம். வேஷம் எது, அசல் எது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

ரீஸ்டோர் செய்த கார்கள் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். அன்று ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லேக்கர், ஃபோர்டும் கிரைஸ்லரும் எனாமல். தனியாகக் கிளியர் கோட்டு கிடையாது. பக்கங்களில் லேசாக ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பு இருக்கும், கதவு இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. இன்றைய ரீஸ்டோரேஷனில் அதையெல்லாம் கண்ணாடியாகத் தேய்த்துவிடுகிறார்கள், அடிப்பாகத்தைக்கூட. அதைப் பார்த்து மாடல் செய்தால் உங்கள் கையில் இருப்பது 1970-இன் கார் இல்லை, நேற்றுப் பட்டறையிலிருந்து வந்த கார். அதுதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், வருஷத்தை மட்டும் அட்டையில் எழுதாதீர்கள்.

அசல் வேண்டுமென்றால் ரீஸ்டோர் செய்யாமல் அப்படியே பிழைத்திருக்கும் கார்களைத் தேட வேண்டும். சிகாகோவுக்கு அருகே ரோஸ்மான்ட்டில் நவம்பரில் நடக்கும் மஸில் கார் அண்ட் கோர்வெட் நேஷனல்ஸில் அவை வரும். பாடியைப் படமெடுக்க எல்லோரும் முண்டுவார்கள், அது இணையத்திலேயே கிடைக்கும். நீங்கள் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, குனிந்து, சக்கர வளைவின் உட்புறத்தையும் ரேடியேட்டர் தாங்கியையும் டிக்கியின் தரையையும் எடுங்கள்.