சரித்திர நாவலுக்குத் துணையாக ஒரு நோட்டு

'பொன்னியின் செல்வன்' போன்ற ஐந்து பாக நாவலைத் தொடங்கும்போது, ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுக்கோடு கிழித்து, வரலாற்றில் வாழ்ந்தவர்களை இடப்பக்கமும் ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவர்களை வலப்பக்கமும் குறித்துக்கொண்டே வாருங்கள். குந்தவையும் வந்தியத்தேவனும் இடப்பக்கம் வருவார்கள், நந்தினி வலப்பக்கம். ஐயமுள்ள பெயருக்குப் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போதும்.

நாவலில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைத் துப்பறியும் கதையாகவே எண்ணி, யார்மீது சந்தேகம் என்பதையும் அவ்வப்போது எழுதிவையுங்கள். காட்டுமன்னார்கோயில் அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி மட்டும் நாவலை முடித்த பிறகே படியுங்கள். அக்கொலையில் தொடர்புடையோரின் நிலங்கள் முதலாம் இராசராசன் காலத்தில் பறிமுதலாகி விற்கப்பட்டதைச் சொல்லும் அந்தக் கல்வெட்டில், நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசன் என்ற பெயரைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.