அபுதாபி பெரிய பள்ளிவாசலுக்கு சாயங்காலமா போங்க

ஊர்ல இருந்து அம்மா அப்பா விசிட் விசால வந்தா மொதல்ல புர்ஜ் கலீஃபா, அடுத்தது ஷேக் சாயித் பள்ளிவாசல்தானே. நான் நாலு தடவை ஆள் கூட்டிட்டுப் போயிருக்கேன், அதுல ரெண்டு தடவை சொதப்பல், அதனால சொல்றேன் கேட்டுக்கங்க.

என்ட்ரி ஃப்ரீதான், ஆனா அவங்க சைட்டுல நேரம் போட்டு பாஸ் எடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்துல சுத்திப் பாக்க முடியாது, ரம்ஜான்ல டைமிங்கும் மாறும். துபாய்ல கார் இல்லன்னா அல் குபைபா பஸ் ஸ்டேஷன்ல இ100, இல்லாட்டி இப்னு பதூதா பஸ் ஸ்டேஷன்ல இ101 பஸ், அபுதாபில எறங்கி டாக்ஸி.

டிரஸ்லதான் நெறைய பேர் மாட்டுவாங்க. பொம்பளைங்க தலைய மூடணும், கை மணிக்கட்டு வரைக்கும் கால் கணுக்கால் வரைக்கும் மறையணும், துணி லூசா இருக்கணும், உள்ள தெரியவும் கூடாது. என் தங்கச்சி சுடிதார்தானேன்னு அரைக்கை டாப்ஸும் மெல்லிசு ஷிஃபான் துப்பட்டாவுமா வந்து நின்னா, கடைசில கீழ இருக்கற கடைல உடம்பு முழுக்க மூடற அபாயா அங்கி ஒண்ணு வாங்கி, அவ ஹைட்டுக்கு கெடைக்காம, பளிங்குத் தரைய கூட்டிக்கிட்டே நடந்தா. ஆம்பளைங்க ஷார்ட்ஸ் வேணாம்.

நேரம்னா என் ஓட்டு சூரியன் சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. மத்தியானம் போனா வெள்ளைப் பளிங்கு அடிக்கற வெளிச்சத்துல கண்ணே தொறக்க முடியாது. இருட்டினதும் லைட் போடுவாங்க பாருங்க, அது நிலாவோட சேர்ந்து மாறும், பௌர்ணமிக்கு பளிச்சுனு வெள்ளையா இருக்கும், நிலா தேயத் தேய நீலம் ஏறும்.

உள்ள போனதும் எல்லாரும் அண்ணாந்து 12 டன் சாண்டிலியரத்தான் ஃபோட்டோ எடுப்பாங்க. எடுங்க, ஆனா கீழயும் பாருங்க. 5,627 சதுர மீட்டர் கம்பளம், ஈரான்ல சுமார் 1,200 பேர் கையால முடிச்சு போட்டது, அதுல தொழறவங்க வரிசையா நிக்கறதுக்கு கோடு தனி கலர்ல இல்ல, கம்பளி முடிய கொஞ்சம் ஒசரமா விட்டு வெட்டியிருக்காங்க, தூரத்துல இருந்து பாத்தா டிசைன் கெடாது. எனக்கு அந்த சாண்டிலியர விட இந்த யோசனதான் பெருசா தெரியுது. வெளித் தாழ்வாரத்துல 1,096 தூண், ஏதாவது ஒண்ணு கிட்ட போய் நில்லுங்க, பளிங்கக் குடைஞ்சு கலர் கல்லுலயும் சிப்பிலயும் பூக்கொடி பதிச்சிருப்பாங்க, உச்சில தங்கக் கலர்ல பேரீச்ச மர ஓலை.

கட்டிப்புடிச்சு போஸ், ரீல்ஸ் டான்ஸ் எல்லாம் வேணவே வேணாம், அது தொழற எடம். பக்கத்துல, இந்த நாட்ட உருவாக்கின தலைவர் ஷேக் சாயித் அடக்கமாகியிருக்கற எடத்துல ஃபோட்டோவே எடுக்கக் கூடாது.

முடிச்சுட்டு அலுப்பா இருந்தாலும் எதிர்ல வாஹத் அல் கராமா நினைவிடத்துக்கு ஒரு எட்டு போயிருங்க, அங்க ஆழமில்லாத தண்ணித் தொட்டில மொத்தப் பள்ளிவாசலும் தலைகீழா தெரியும். எங்கம்மாவோட வாட்ஸ்அப் டிபி அங்க எடுத்ததுதான், ரெண்டு வருஷமா மாத்தல.